கேற்றடியில் நின்ற 17 பேர்

2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நான் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு பெயர்ப்பட்டியலைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக என் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். தொழிற்சாலையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வேறு இடங்களில் வேலை செய்த தோழியர் சிலரும் தங்களிடத்தில் இதையொத்த பட்டியல்கள் ஒட்டப்பட்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி அதன்மேல் மட்டும் பழியைப் போடுவதில் பயனில்லை.

பட்டியலின் தலைப்பு "கொவிட் தடுப்பூசி பெறாத ஊழியர்கள்" என்பதாகும். அதில் 17 பெயர்கள் இருந்தன. ஊழியர் இலக்கம், பெயர், வேலை செய்யும் பிரிவு, ஊர் என்று நான்கு நிரல்கள். நான்காவது நிரலை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்களுக்காக நாங்கள் வைத்திருந்த பழைய கோப்பிலிருந்து பெயர்களைப் பிரதி செய்தபோது ஊரும் சேர்ந்தே வந்தது; அதை நீக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஊரின் பெயரைச் சொன்னாலே ஆள் தமிழரா முஸ்லிமா என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். 17 பேரில் ஏழு பேர் முஸ்லிம்கள், பத்துப் பேர் தமிழர்கள். ஆனால் அறிவித்தல் பலகையில் அது ஒட்டப்பட்ட அன்றைய பகல் உணவு வேளைக்குள்ளேயே, "அவங்கட ஊராக்கள்தான் போடுறாங்க இல்லையாம்" என்ற பேச்சு சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேசை போய்விட்டது. பத்துத் தமிழ்ப் பெயர்களும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் யாருடைய கண்ணிலும் படவில்லை.

அந்த நாட்களின் அச்சத்தை மறந்துவிட்டு இதைப் பேசுவது நியாயமாகாது. டெல்டா திரிபு பரவிய ஆகஸ்ட் மாத இறுதியில் நாட்டில் ஒரே நாளில் 200க்கும் மேற்பட்டோர் இறந்த நாட்கள் இருந்தன. ஆகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய முடக்கம் ஒக்டோபர் 1ஆம் திகதி வரை நீடித்தது. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் மட்டும் இயங்க அனுமதிக்கப்பட்டிருந்தன. ஒரு லைனில் மெஷின்கள் எவ்வளவு நெருக்கமாகப் போடப்பட்டிருக்கும் என்பது உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். துணியை எடுக்கக் கையை நீட்டினால் பக்கத்துப் பிள்ளையின் தோளில் படும். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கண்டறியப்பட்ட தொற்றுக் கொத்தணி நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிய பிறகு, "கார்மென்ட் பிள்ளைகள்" என்று தெரிந்தாலே கடைக்காரர்கள் சாமானைத் தூரத்தில் வைத்துவிட்டு விலகி நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்த வேதனையை அனுபவித்த அதே பிள்ளைகள், ஒரு வருடம் கழித்துத் தங்களுக்குள் 17 பேரை அதே விதமாக விலக்கி நடத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நான் தடுப்பூசியை நம்புகிறவள். அந்த ஆகஸ்டில் என் அம்மா ஒன்பது நாட்கள் வைத்தியசாலையில் ஒட்சிசனோடு கிடந்தார். அவர் முதலாவது ஊசியைக் கூடப் போட்டிருக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதற்கு என் சோம்பலும் ஒரு காரணம். எங்கள் பகுதிக்குப் பெரும்பாலும் வந்த சினோபாம், செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரிக்கப்படுவது; விசர்நாய்க் கடிக்குப் போடும் ஊசியும் அந்தப் பழைய வழியில் வந்ததுதான் என்று ஒரு வைத்தியர் எங்களுக்கு விளங்கப்படுத்தியபோது எனக்கிருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போயிற்று. நோய் முற்றி மூச்சுத் திணறும் நிலைக்குப் போவதையும் மரணத்தையும் தடுப்பூசிகள் வெகுவாகக் குறைத்தன என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்த நம்பிக்கையோடும் அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டும்தான் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். நன்மைக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு இருந்ததனால்தான் செய்வது என்ன என்பதை நான் உற்றுப் பார்க்கவில்லை.

முகாமைத்துவத்தின் கடிதம் ஒரு பக்கத்துக்கும் குறைவானது. குறித்த திங்கட்கிழமை முதல் தடுப்பூசி அட்டையைக் காட்டுகிறவர்கள் மட்டுமே உள்ளே அனுமதிக்கப்படுவார்கள், ஏனையோர் சம்பளமற்ற விடுமுறையில் இருப்பதாகக் கருதப்படுவார்கள், மருத்துவக் காரணம் உள்ளவர்கள் வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுவர வேண்டும் என்பவை அதன் சாரம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்தக் கட்டளை விடுக்கப்படுகிறது என்பது அதில் இல்லை. மறுப்பவர் யாரிடம் முறையிடலாம் என்பதும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பஸ் சாரதிகளிடம் பட்டியல் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே 17 பேரும் வழமைபோல் தங்கள் ஊர்ச் சந்திகளில் ஏறி, சாப்பாட்டுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாகத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார்கள். கேற்றில் காவலாளி ஐயா பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக உரத்து வாசித்தார். வாசிக்கப்பட்டவர்கள் வரிசையிலிருந்து விலகி ஓரமாக நின்றார்கள். மற்றவர்கள் உள்ளே போனார்கள். பஸ்கள் திரும்பிப் போய்விட்டன. முடக்கம் என்பதால் வீதியில் வேறு பஸ் இல்லை. முச்சக்கரவண்டி பிடிக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாலை ஐந்தரைக்கு பஸ்கள் திரும்பி வரும்வரை அவர்களுக்குப் போக்கிடம் இல்லை என்பதை எங்களில் ஒருவர்கூட முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. என் மேசைக்கு அருகிலிருந்த ஜன்னலால் பார்த்தால், மதிலுக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் அவர்கள் கூடி இருப்பது தெரிந்தது. நண்பகலில் அங்கேயே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். கழிப்பறைக்கு மட்டும் ஒவ்வொருவராக உள்ளே விடலாம் என்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகே மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டது. அதுவரை அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம், பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்ற சாக்கில் நான் வெளியே போனேன். அதுவே அவர்களில் ஒருவரோடு இதைப் பற்றி நான் பேசிய முதல் தடவை. 17 பேரில் ஐந்து பேர் எதையும் மறுத்தவர்கள் அல்லர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவருக்கு அந்த மாத ஆரம்பத்தில் தொற்று உறுதியாகி, இப்போதைக்குப் போடாமல் பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டிருந்தது. இன்னொருவர் ஊசி போட்டிருந்தார், அட்டை மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. "பெறாதவர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் வேண்டாம் என்றவரையும் கிடைக்காதவரையும் காத்திருந்தவரையும் நாங்கள் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிட்டோம்.

உண்மையில் மறுத்தவர்களின் காரணங்களும் ஒன்றாக இருக்கவில்லை. வெளிநாடு போவதற்குக் கடவுச்சீட்டை முகவரிடம் கொடுத்துவிட்டிருந்த ஓர் இளைஞர், பைசர் தடுப்பூசி கிடைக்கும்வரை காத்திருந்தார். சினோபாம் போட்டால் தான் போகும் நாட்டில் ஏற்கமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. அந்தக் காலத்தில் வளைகுடா நாடுகள் சில விதித்த நிபந்தனைகளைப் பார்த்தால் அது வீண் கவலையும் அன்று. அயன் பிரிவில் இருந்த வயதான ஒருவருக்கு முன்பொருமுறை வைத்தியசாலையில் பென்சிலின் ஊசி ஏற்றியபோது உடம்பெல்லாம் தடித்து மயக்கமாகியிருந்தது. பென்சிலின் ஒவ்வாமை இந்தத் தடுப்பூசிக்குத் தடையாகுமா என்பதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஆனால் அந்த வைத்தியரிடம் கடிதம் வாங்குவதற்கு அவர் ஒரு வேலை நாளைக் கிளினிக் வரிசையில் கழிக்க வேண்டும். வேலை நாளில் விடுமுறை எடுத்தால் வரவுக்கான மேலதிகக் கொடுப்பனவு அந்த மாதம் முழுவதற்கும் வெட்டப்படும். கடிதம் கொண்டுவரலாம் என்று எழுதியவர்கள், அந்தக் கடிதத்தின் விலை ஒரு மாதக் கொடுப்பனவு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கட்டிங் பிரிவிலிருந்த ஒரு பிள்ளைக்குக் கலியாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. "மிஸ், இத போட்டா பிறகு புள்ளயே தங்காதாம். மாமி பத்துத்தரம் சொல்லிட்டா" என்றாள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் மலட்டுத்தன்மை பற்றிய வதந்தி நம் பக்கத்தில் எவ்வளவு தூரம் பாயக்கூடியது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதாகக் கதை கட்டி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் அது மாக்கட்டி என்று தெரிய வந்தபோது உடைக்கப்பட்டவை உடைக்கப்பட்டு முடிந்திருந்தன. அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர்மீது இதே குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கும் முன்னர், 2013இல், கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் பெண்களுக்கு விளக்கம் சொல்லாமலே கையில் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாக முறைப்பாடுகள் வெளிவந்தன. அம்பாறைக் கதை பொய், கிளிநொச்சியிலோ பெண்கள் தாங்களே வந்து சொன்ன சாட்சியம். ஆனால் கேட்கும் காதுக்குள் இரண்டும் ஒரே பயமாகவே போய் இறங்கும். இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த ஒரு பெண், தன் கருப்பையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவளுடைய பெயரைப் பலகையில் ஒட்டினோம். கர்ப்பிணிகளுக்கே அந்த ஊசி கிளினிக்குகளில் போடப்பட்டுக்கொண்டிருந்தது என்ற ஒரு தகவலை அவளுடைய ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது) அருகிலிருந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

நான்காவது காரணம் இவற்றிலும் பெரியது. ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்; என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்தப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் மூத்த சகோதரியைத் "தாத்தா" என்பார்கள்; அவர்களைப் பார்த்து நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். பதினொரு வருடம் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய வாப்பா 2020 டிசெம்பரில் கொழும்பில் கொவிட் நோயோடு இறந்தார். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானியின்படி கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட்டே ஆக வேண்டும். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்று இங்கே காரணம் சொல்லப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அந்த விதி தளர்த்தப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியின் மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் (இறந்தவர்களின் உடல்கள்) அடக்கப்பட்டன. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டு அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டவர்கள் 3,600க்கும் மேல். அந்த மையவாடிக்கு உடல்களை ஏற்றிவந்த வாகனங்கள் இந்தத் தாத்தாவின் வீட்டுக்கு அருகிலுள்ள பிரதான வீதியால்தான் போயின. மூன்று மாதம் பிந்தி இறந்திருந்தால் அவருடைய வாப்பாவும் சொந்த மண்ணில் அடங்கியிருப்பார்.

"வாப்பாவ எரிக்கக்குள்ள எங்களுக்கிட்ட ஆரும் ஒரு சொல்லுக் கேட்கல்ல, மிஸ். இப்ப என்ட கையில ஊசி ஏத்தக்குள்ள மட்டும் அவங்க சொல்றத நம்பு எண்டா எப்பிடி நம்புற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த வாழையிலையை மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. தடுப்பூசி விஞ்ஞானம், தகனக் கட்டளை விஞ்ஞானமன்று என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டையும் சொன்னது ஒரே சுகாதாரத் துறை, இரண்டையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரே சீருடை. அவர் மறுத்தது மருந்தை அன்று. தன்னிடம் ஒருபோதும் சம்மதம் கேட்டிராத ஒரு கையைத்தான்.

சட்டத்தைப் பற்றி நான் பின்னர் அறிந்துகொண்டவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்று அந்த 17 பேருக்கும் அதைச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவள் நான். நம் நாட்டில் கட்டாயத் தடுப்பூசி புதிய விடயமன்று. பெரியம்மைக்காக 1886ஆம் ஆண்டின் தடுப்பூசிக் கட்டளைச் சட்டமும், தொற்றுநோய்களுக்காக 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் வெள்ளையர் காலத்திலிருந்தே இருக்கின்றன. ஆனால் அரசின் அதிகாரம் வேறு, சம்பளம் கொடுப்பவரின் அதிகாரம் வேறு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனமொன்று, ஒழுக்காற்றுக் காரணத்தைத் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றால் அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் முகாமைத்துவம் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவது வாரத்தில் மிஞ்சியிருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த கடிதத்தை நீட்டினார்கள். கையெழுத்து வைத்தால் சேமலாப நிதிப் பத்திரங்கள் உடனே கிடைக்கும், பிறகு வேண்டுமானால் திரும்பவும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லப்பட்டது. அந்தக் கடிதத்தை அச்சடித்தவளும் நானே. தொழில் நியாய சபை என்று ஒன்று இருக்கிறது, வேலையை விட்டுப் போகும்படி நெருக்கப்பட்டவர் அங்கே போய்க் கேட்கலாம் என்பது எனக்கு அன்று அரைகுறையாகத் தெரியும்; சொல்லவில்லை. அரச ஊழியராக இருந்திருந்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்துக்காவது போகலாம். அந்த வழி அரச நிருவாகத்தின் செயல்களுக்கு எதிராக மட்டுமே திறந்திருப்பது, தனியார் முதலாளிக்கு எதிராக அன்று.

இதே மாதங்களில் உலகின் மற்ற இடங்களிலும் இந்தக் கேள்வியே எழுந்து நின்றது. இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்யும் என் மச்சாள், 2021 நவம்பர் 11ஆம் திகதிக்குள் இரண்டு ஊசியும் போடாதவர் அந்த இல்லங்களுக்குள் வேலைக்கு வர முடியாது என்ற விதி வந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது, "பாத்தீங்களா, அங்கேயும் அப்பிடித்தான்" என்று நான் நிம்மதியோடு சொல்லிக்கொண்டேன். அவள் வேலை செய்வது நோயுற்ற முதியவர்களைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிடும் இடம் என்பதையும், நாங்கள் தைப்பது காற்சட்டை என்பதையும் அன்று நான் சேர்த்து நினைக்கவில்லை. அந்த விதியும் 2022 மார்ச் 15ஆம் திகதி நீக்கப்பட்டது. ஏப்ரலில் வைத்தியசாலைகளுக்கு நீட்டிக்கப்படவிருந்த விதி நடைமுறைக்கு வராமலே கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கெல்லாம் ஊசி அல்லது வாராந்தப் பரிசோதனை என்று அரசு விதித்த கட்டளையை 2022 ஜனவரி 13ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது; அதே நாளில், சுகாதாரப் பணியாளர்களுக்கான கட்டளையை நடைமுறைப்படுத்த இடமளித்தது. அந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. நோயாளியின் படுக்கையருகே நிற்பவரிடம் கேட்கக்கூடியதை எல்லோரிடமும் கேட்டுவிட முடியாது.

இத்தாலி இன்னும் கடுமையாக இருந்தது. 2021 ஒக்டோபர் 15 முதல், ஊசி போட்டதற்கோ நோயிலிருந்து குணமானதற்கோ அண்மையில் பரிசோதனை செய்ததற்கோ அத்தாட்சி இல்லாமல் எந்த வேலைத்தலத்துக்குள்ளும் நுழைய முடியாது. நுழையாதவருக்குச் சம்பளமும் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்திலேயே அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக் கூடாது, வேலையைப் பறிக்கக் கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. ஊசி வேண்டாம் என்றவர் பரிசோதனையோடு வேலைக்குப் போக வழியும் இருந்தது. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரியம்மை ஊசியை மறுத்த ஒருவருக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் கட்டாயத்தை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 5 டொலர் அபராதம். பக்கத்திலுள்ள இந்தியாவில் 2022 மே 2ஆம் திகதி உச்ச நீதிமன்றம், ஒருவரையும் தடுப்பூசி போடும்படி பலவந்தப்படுத்த முடியாது என்றும், பொது நலனுக்காகக் கட்டுப்பாடுகள் விதிப்பதாயின் அவை தேவைக்கு அளவானவையாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. எங்கள் கேற்றில் அளவு என்ற ஒன்று இருக்கவே இல்லை. பரிசோதனை என்ற மாற்று வழி இல்லை, திரும்பி வரும் உரிமை இல்லை, எப்போது முடியும் என்ற திகதி இல்லை.

முதல் வாரத்திலேயே ஒன்பது பேர் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதை முகாமைத்துவம் வெற்றியாக எண்ணியது. அந்த ஒன்பது பேரில் மழையில் அட்டை கிழிந்தவரும் காத்திருந்தவர்களும் அடங்குவர் என்பதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்று பேர் ஒக்டோபரில் வந்தார்கள். கட்டிங் பிரிவுப் பிள்ளை அவர்களில் ஒருத்தி. கணவன் வேலையற்று இருந்த வீட்டில் சம்பளமும் நின்றுபோனதால் போட்டுக்கொண்டாளே தவிர, பயம் தீர்ந்து போட்டவள் அல்லள். ஊசி போட்ட அன்று இரவு முழுவதும் அழுததாக அவளே சொன்னாள். ஐந்து பேர் அந்த அச்சடித்த கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். தாத்தா அந்த ஐவரில் ஒருவர். அயன் பிரிவுப் பெரியவர் இன்னொருவர்.

வேறு வழி இருந்திருக்கவில்லையா என்றால், இருந்தது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலிருந்து ஒரு குழு தொழிற்சாலைக்கே வந்து இரண்டு நாட்கள் ஊசி போட்டது. அவர்களிடம் ஒரு மேசையையும் இரண்டு கதிரைகளையும் தனி அறையில் போட்டுக் கொடுத்து, கேள்வி உள்ளவர்கள் சம்பளத்தோடு பதினைந்து நிமிடம் வந்து பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். உற்பத்தி இலக்கு தவறும் என்று அந்த யோசனை மறுக்கப்பட்டது. கட்டிங் பிரிவின் பெரிய கதவுகள் திறந்தே இருப்பவை; தயங்கியவர்களைச் சில வாரம் அங்கே மாற்றி, வாரத்துக்கு ஒருமுறை அன்டிஜன் பரிசோதனை செய்திருக்கலாம். 600 பேரில் 12 பேர் மறுத்ததற்கு இவ்வளவு செலவா என்று கேட்டார்கள். பன்னிரண்டு பேர்தானே என்ற அதே கணக்கை மறுபக்கமாகப் போட்டிருந்தால், பொறுத்துக்கொள்ளக் கூடிய எண்ணிக்கை அது என்பது தெரிந்திருக்கும்.

நம்மைப் போன்ற நாட்டில் பலவந்தம் இல்லாமல் தடுப்பூசி வெற்றி பெறாது என்று சொல்பவர்களுக்கு என்னுடைய பதில் நம் வீட்டு அலுமாரிகளிலேயே இருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பத்திரமாகப் பொலித்தீனில் சுற்றி வைக்காத தாய் எங்கள் ஊரில் இல்லை. 1978இல் தொடங்கிய தேசிய தடுப்பூசித் திட்டம் போலியோவை இந்த நாட்டிலிருந்தே விரட்டியது. யுத்த காலத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் எங்கள் அம்மாமார் கிளினிக் நாளைத் தவறவிடவில்லை. அவர்களைக் கேற்றில் நிறுத்தி யாரும் அட்டை கேட்கவில்லை. வீடு தேடி வந்த மருத்துவமாது முற்றத்தில் பாயில் இருந்து தேநீர் குடித்துவிட்டு, "என்ன புள்ள, வாற வியாழக்கிழம வந்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார்; அம்மாமாரும் கிளினிக்குக்குப் போனார்கள்.

2021 நவம்பர் இறுதியில் ஒமிக்ரோன் வந்தது. இரண்டு ஊசி போட்டவர்களும் தொற்றுக்கு ஆளானார்கள், பிறருக்கும் பரப்பினார்கள். தடுப்பூசி அவர்களைச் சாவிலிருந்து காத்தது. ஆனால் "போடாதவரால் மற்றவருக்கு ஆபத்து" என்ற எங்கள் கடிதத்தின் அடிப்படை அத்தோடு பெரிதும் தளர்ந்துவிட்டது. கடிதம் திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் வெளியான வர்த்தமானி ஒன்று, ஏப்ரல் 30 முதல் முழுமையாகத் தடுப்பூசி பெறாதவர்கள் பொது இடங்களுக்குள் நுழைய முடியாது என்று கூறியது. பொருளாதார நெருக்கடியால் அந்த ஏப்ரலில் மக்கள் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றார்கள். எங்கள் தொழிற்சாலையும் டீசல் இல்லாமல் பாதி நாள் இருட்டில் கிடந்தது, கேற்றில் அட்டை கேட்பதும் ஒருநாள் அப்படியே நின்றுபோயிற்று. விலகிய ஐந்து பேரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் நானும் அந்த வேலையை விட்டேன்.

தகனக் கட்டளைக்காக முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோருவதென்று 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்த செய்தியைப் பார்த்தபோது தாத்தாவின் இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினேன். அவர் அந்தச் செய்தியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு மெஷின் போட்டுப் பாடசாலைச் சீருடை தைப்பதாகவும், 2022இன் ஆரம்பத்தில் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்து உம்மாவோடும் தன்னோடும் பேசிய பிறகு இருவரும் ஊசி போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். அயன் பிரிவுப் பெரியவர் கடைசிவரை போடவில்லையாம்; சுகமாக இருக்கிறாராம். பிறகு, ஒரு புதிய இடத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், பதினொரு வருடம் இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய சேவைச் சான்றிதழில் விலகிய காரணம் என்ற இடத்தில் "சொந்த விருப்பம்" என்று இருக்கிறது.

சான்றிதழை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. நடந்ததைத் திகதிகளோடு ஒரு தாளில் எழுதி, அன்றைய என் பதவியையும் குறிப்பிட்டு, அந்த வார இறுதியில் அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடிதத்தை அச்சடித்தது நான், பட்டியலைத் தயாரித்தது நான், ஊரின் பெயரைச் சேர்த்ததும் நான் என்பதையும் எழுதியிருந்தேன். தாத்தா மெஷினை நிறுத்திவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, "இது பிழை, மிஸ்" என்றார். "நாங்க வேப்ப மரத்துக்குக் கீழ இருந்தது பின்னேரம்தான். காலையில அந்தப் பக்கம் போக உடல்ல. பகல் சாப்பாடு மட்டுக்கும் வெயிலுக்குள்ளதான் நிண்ட."

அந்த வரியை வெட்டி, அவர் சொன்னபடி எழுதி, ஓரத்தில் சிறுகையொப்பம் இட்டுக் கொடுத்தேன்.